ஒற்றைக் கொம்பு

வழிகாட்டி கித்தேரியானுக்குக் காய்ச்சல்.
"நீதான் பதினோரு தடவை போயிருக்கியே சொரிமுத்து,
சொல்லிக் காட்டு" என்று போனில் சொல்லிவிட்டார்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
வேன் திரும்ப எங்கே கெட்டித்தரை,
எந்த உடைமரத்து நிழல் மூன்று மணிவரை தாங்கும்.

திசையன்விளை தாண்டித் தார் முடிந்து
செம்மணல் சக்கரத்தைப் பிடித்த இடத்தில்
இறங்கி நடந்தோம். முன்னால் நான்.
"இது சுவர்" என்றேன். சுவராகத்தான் இருந்தது:
கடற்பாறை, சுண்ணாம்பு, இடுப்பளவு.
"இது பீடம்" என்றேன். அதன்மேல் ஓர் ஆடு
இறங்க மனமில்லாமல் அசைபோட்டது.
மிச்சக் கோவில் எங்கே என்றார்கள்.
காலுக்குக் கீழே என்றேன்.
ஒருவர் செருப்பைக் கழற்றினார். சூடு தாங்காமல்
மாட்டிக்கொண்டார்.

அந்தக் கல் பதினோரு தடவையில் நான் பார்க்காதது.
ஆடிக்காற்று மணலைப் புரட்டியிருக்கிறது.
எழுத்து இருந்தது; எழுந்து வரவில்லை.
டார்ச் அடித்தார்கள். தண்ணீர் ஊற்றினார்கள்,
கல் குடித்துவிட்டது.
நான் வேனுக்கு ஓடி
கண்ணாடிக்குக் கீழே செருகியிருந்த
திருச்செந்தூர் இலைத் திருநீற்றை எடுத்துவந்தேன்.
நீட்டிய பிறகுதான் உறைத்தது
எதை நீட்டுகிறேன் என்று.
ஒரு நொடி, காற்று மட்டும்.
"சாம்பல் புதனுக்குப் பூசாததா" என்று
ஹில்டா டீச்சரே வாங்கித் தேய்த்தார்.

வெள்ளையாய் வந்தது:

மதலெனாள இஙகெ கெடடாள

புள்ளி இல்லை. அந்தக் காலத்தில்
குறிலுக்கும் நெடிலுக்கும் ஒற்றைக் கொம்புதானாம்.
கேட்டாள், என்றார் டீச்சர். வசனம் கேட்டாள்.
கெட்டாள், என்றார் வங்கியில் ஓய்வுபெற்ற மொராயிஸ்.
சபையார் வெட்டிய கல்லென்றால் அது,
வீட்டார் வெட்டியதென்றால் இது.
"இங்கே"க்கும் ஒத்தைக் கொம்புதானே, என்று அவர்.
அதனால் என்ன, என்று இவர்.
பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
இன்றைக்கு வழிகாட்டி நான்தானே.

குனிந்தேன். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு
முதல் டகரத்தின் தலையில் விழுந்து
புள்ளியாய் நின்றது.
எப்படிப் படித்தாலும் வேண்டிய புள்ளி அது.
கொம்பைத் தொடவில்லை.
உலரும்வரை டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றரைக்கு, கொதிக்கிற வேனில் ஏறும்போது
கித்தேரியான் கூப்பிட்டார்:
என்னல, எல்லாம் ஒழுங்காச் சொன்னியா?
"கேட்டாங்க" என்றேன்.
தேரிக்குள் சிக்னல் விட்டுவிட்டு வரும்.
"யாருல கெட்டா?" என்றது போன்.