சட்டம்

ராயபுரம் பாலத்தடியில் கண்ணாடி வெட்டுகிறேன்.
மாதா படம், பட்டமளிப்புப் படம்,
மாலைக்குள் வேண்டும் என்று ஓடிவரும்
கண்ணீர் அஞ்சலிப் படம்.
இன்னாசிமுத்து கொண்டுவந்தது வேறு.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
நாற்பதடிப் பெட்டியை
முட்டை வைப்பதுபோல் லாரியில் வைக்கிற கை
ஒரு தாளை என் மேசையில் வைக்க நடுங்கியது.

"ஆயிரத்து எழுநூத்தி எண்பத்திரண்டு.
அமெரிக்கா அப்போ
சிமென்ட்டு காயாத வூடு."

நைட் ஷிஃப்ட் முடிந்த விடியல்களில்
போனில் ஏலம் கேட்டிருக்கிறார். மூன்று தடவை தோல்வி.
நாட்டை உண்டாக்கிய பெரிய மனிதர்களின் கையெழுத்துக்கு
தண்டையார்பேட்டையில் ஒரு தெருவையே விற்க வேண்டுமாம்.
இது ஓவர்டைம் காசுக்கு வந்தது.
விமான நிலையச் சுங்கத்தில் என்ன பொருள் என்றார்களாம்.
பழைய பேப்பர் என்றாராம்.
கிலோ என்ன விலை என்று சிரித்தார்களாம்.

படித்துச் சொன்னார்:
படைவீரன் ஒருவன்
ஒரு ஜோடி செருப்பு பெற்றுக்கொண்டான்.
அவ்வளவே.

கையெழுத்து எங்கே?
விரல் படாமல் காட்டினார்.
பெருக்கல் குறி, என்றேன்.
சிலுவை, என்றார்.
பக்கத்தில் எவனோ குமாஸ்தா
அவன் பெயரைச் சாய்த்து எழுதியிருந்தான்.
"சரியாத்தான் எழுதுனானோ என்னவோ.
என்னையே இருபத்திரண்டு வருஷமா
சம்பளச் சீட்டுல இன்னசென்ட் முத்துன்னு வெச்சிருக்கான்.
நானும் அப்படியே போட்டுப் பழகிட்டேன்."

கோந்து கூடாது. லேமினேஷன் பேச்சே கூடாது.
உப்புக் காற்று, காசிமேட்டு ஈரம்,
வெயில், ட்யூப்லைட்,
எதுவும் படக்கூடாது.
பிறகு எதற்கய்யா சட்டம்?
"பீரோ கதவுக்கு உள்பக்கம் மாட்டுவேன்.
துணி எடுக்கும்போது பார்ப்பேன்."

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
தாளைத் தூக்கிப் பிடித்தேன்.
இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்
அழுத்தியிருக்கிறான்.
மை தாளைத் தின்று
கடுகளவு ஓட்டை.
அதன் வழியே பாலத்து விளக்கு தெரிந்தது.

கட்டை நாலு, ஆணி எட்டு.
சட்டம் போட அவ்வளவுதான்.
அந்த ஓட்டையின் மேல்
கண்ணாடி உரசாமல் நிறுத்தத்தான்
விடியும்வரை ஆனது.

வாங்க வந்தவர்
பேரம் பேசாமல் கணக்குத் தீர்த்தார்,
ரசீதில் இன்னசென்ட் என்று கையெழுத்திட்டார்,
படியிறங்கித் திரும்பினார்.
"அந்தச் செருப்பு அவனுக்கு
அளவா இருந்திருக்குமா?"

எனக்கென்ன தெரியும்.
குனிந்து அவர் காலைப் பார்த்தேன்.
துறைமுகத்தில் கொடுத்த பூட்ஸ்.
குதிகால் பக்கத்தை மிதித்து மடக்கி
செருப்பாக்கிப் போட்டிருந்தார்.