எஃப், மூன்று நட்சத்திரம், எஸ்

லீட்ஸ் நகரத்தில் யாரோ ஒருவர்
ஜோடியைப் பிரித்து இரண்டு ஏலமாகப் போட்டிருந்தார்.
ஈ.எல். எண்பத்துநாலு, முல்லார்ட்,
அறுபத்தொன்றில் செய்த வால்வு,
பெட்டியின் மடிப்புக்கூடத் தேயவில்லை.
படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி
கண்ணாடியில் விற்பவரின் யன்னல் தெரியுமட்டும் பார்த்தேன்.
உச்சியில் வெள்ளிப் பூச்சு.
அது மினுங்கும்வரை
உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தம்.
அந்த ஒன்றுமில்லாததற்குத்தான் விலை.

முடிவு நேரம் இங்கே பின்னிரவு இரண்டு பதினாலு.
உவர்மலையில் நாய்களும் அடங்கிவிட்டன.
கடைசி ஆறாவது செக்கனில் கேட்டேன்.
நாலாவது செக்கனில் இன்னொருவர் கேட்டார்.
எஃப், மூன்று நட்சத்திரம், எஸ்.
அவ்வளவுதான் அவருக்குப் பெயர்.
போய்விட்டது.

விடிய ஐந்தரைக்கு
திருக்கடலூரில் ஐஸ் கணக்கு எழுதப் போனேன்.
கரையில் சூரை ஏலம்.
அங்கே ஏற்றுகிறவனுக்கு முகம் இருக்கிறது.
சம்மாட்டியின் மருமகன் காதைச் சொறிந்தால் நூறு கூட,
வெற்றிலையைத் துப்பினால் விட்டுவிட்டான்.
வென்றவனும் தோற்றவனும்
ஒரே கடையில் பிளேன்டீ குடித்தார்கள்.
நட்சத்திரங்களுக்குப் பின்னால் இருக்கிறவன்
என்ன குடிப்பான் என்று யோசித்தேன்,
அமெரிக்கனோ, ஜப்பான்காரனோ,
காசுள்ளவன்.

இரண்டாவதை விடவில்லை.
ஐம்பத்திரண்டு பவுண்.
பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் பெருக்கிப் பார்த்தேன்,
முப்பது பார் ஐஸ்.
அழிறப்பரால் அழித்தேன்.
தாள் கொஞ்சம் மெலிந்து போனது.

ஆறு கிழமை கழித்துத் தபால் கந்தோரில்
கவுண்டர் அக்கா கூப்பிட்டா:
"தர்மினி, பைறூஸ், ரெண்டு பேரும் ஒருக்கா வாங்கோ.
ஒரே ஆள் அனுப்பின பார்சல், ஒரே மாதிரிப் பெட்டி.
இதென்ன, பல்பா?
பல்புக்கா இவ்வளவு காசு?"

திரும்பினேன்.
மெலிந்த மனிதர், சட்டைப் பையில்
கதிர் அளக்கிற சின்ன வில்லை.
பல் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறாராம்,
என்.சி. வீதியில்.
என் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம்.

"அப்ப நீங்கதானா
அந்த ரி, மூணு நட்சத்திரம், ஐ?"

இருவரும் இரண்டு கடல் தாண்டிப் போய்
ஒருவருக்கொருவர் விலையேற்றிவிட்டு
ஒரே வரிசையில் வந்து நின்றிருக்கிறோம்.
"எவ்வளவுக்கு எடுத்தீங்க?" என்றார்.
"நாற்பது" என்றேன்.
சிரித்தார்.
ஐம்பத்தொன்று வரைக்கும் கூட வந்தவருக்குத் தெரியாதா.

அந்த மேசையிலேயே பிரித்தோம்.
என்னுடையது மினுங்கியது.
அவருடையதன் உச்சி
ஆடை கட்டிய பால் போல வெளுத்திருந்தது.
அவர் அதை வெளிச்சத்தில் ஒருமுறை சுழற்றினார்,
பிறகு பஞ்சுக்குள் வைத்து மூடினார்,
பல்லைப் பிடுங்கியபின் நோயாளியிடம் காட்டாமல் வைப்பதைப் போல.
எனக்கு, சொல்லக் கூசுகிறது,
முதலில் வந்தது சந்தோஷம்.

வாசலில் ஒரு மான்
நாங்கள் போட்ட மட்டையைத் தின்றுகொண்டிருந்தது,
இங்கிலாந்து முத்திரையோடு.

அன்றிரவு போனில் ஒரு படம் வந்தது.
செத்த வால்வை எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்.
கறுப்பில் வெள்ளையாக
ஒரு குஞ்சு மீனின் விலா,
நடுவே நூலிலும் மெல்லிய கம்பிச் சுருள்,
ஒன்பது கால்கள்.
கீழே எழுதியிருந்தார்:
"காத்து பூந்துட்டு. எதால பூந்ததெண்டுதான் விளங்குதில்ல."

நானும் பெருப்பித்துப் பெருப்பித்துத் தேடினேன்.
கீறல் எதுவும் இல்லை.

இப்போது என் இடது பக்கம் முல்லார்ட்,
வலது பக்கம் மலிவான ரஷ்ய வால்வு, சற்றுக் கரகரக்கும்.
வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அவர் வந்து
இடது ஸ்பீக்கருக்கு நேரே
கதிரையை இழுத்துப் போட்டு உட்காருகிறார்.
நான் ஒன்றும் சொல்வதில்லை.

லீட்ஸ்காரர் இன்னொன்று போட்டிருக்கிறார்.
வியாழன் பின்னிரவு முடிகிறது.
யார் கேட்பது என்று
நாங்கள் இன்னும் பேசவில்லை.