கால் அங்குல ஓரம்

நாளைக்குப் பால்காய்ப்பு.
கார்டில் என் பெயர் இல்லை, ‘குடும்பத்தார்’ என்று இருந்தது.
அதுவும் தபால்காரர் கொண்டுவந்து தந்தது.
எங்கள் இரு வாசலுக்கும் நடுவே
இருபத்தெட்டு எட்டுதான்.
எண்ணியிருக்கிறேன். கமிஷனர் அளக்க வந்த அன்று
டேப்பின் மறுமுனையைப் பிடித்தது நான்.

திங்கள்சந்தையில் புட்டுக்குடம் வாங்கினேன்,
நல்ல கனமுள்ளது.
சுற்ற ஒரு தாள் வாங்கத்தான் மறந்துபோனது.
இரவு எட்டரை, மழை வேறு.
கருங்கல்லில் இந்நேரம் ஃபேன்சி ஸ்டோரை
எவன் திறந்துவைத்திருப்பான்?
வீட்டில் கிடந்தது கிறிஸ்துமஸின் மிச்சம்:
தாடிக்காரத் தாத்தா, வண்டியிழுக்கும் மான்கள்.
இது சித்திரை. கூடாது.

‘நம்ம பிரிண்டர்லயே அடிக்கலாமே’ என்றான் ஆஷின்.
பெட்டியை ஸ்கேலால் அளந்து
ஒன்பது ஏ-ஃபோர் தாள் என்று கணக்குச் சொன்னான்.
‘பெரியம்மா போட்டோ இருந்தா அதையே போடலாம்.’

தேடினோம்.
அக்காவின் முகம் ஒன்றுகூட இல்லை.
மூன்று வருடம் முன்பு நானே அழித்தது
அவனுக்குத் தெரியாது.
இருந்ததெல்லாம் ‘கேஸ்’ என்றொரு ஃபோல்டர்.
புலப்படம், வில்லங்கச் சான்று,
வக்கீலுக்கு அனுப்ப ஸ்கேன் செய்த மனுக்கள்,
பக்கத்துக்குப் பக்கம் அடியில்
நீல மையில் அவள் கையெழுத்து.

றெக்ஸலின்.
‘றெ’யின் கொம்பை நத்தை மாதிரிச் சுருட்டுவாள்.
‘ன்’னுக்குப் புள்ளி வைக்கமாட்டாள், ஒரு குட்டி வட்டம்,
பத்தாம் வகுப்பு நோட்டிலிருந்தே அப்படி.
அதை மட்டும் வெட்டி எடுத்தேன்.
கோர்ட் முத்திரையின் வளைவு கொஞ்சம் கூடவே வந்தது.
அழித்துப் பார்த்தேன், போகவில்லை, விட்டுவிட்டேன்.
மெரூன் நிறம் கொடுத்து
சாய்த்து, திருப்பி, நகலெடுத்து
ஒரு பக்கத்துக்கு நாற்பது.
தள்ளி நின்று பார்த்தால் நல்லமிளகுக் கொடி.

மூன்றாம் தாளோடு சிவப்பு மை தீர்ந்தது.
பழுத்த கொடி மூன்று, பச்சைக் கொடி ஆறு.
ஐந்தாம் தாள் உள்ளே சிக்கியது,
கரண்ட் இரண்டு தரம் போனது.
இத்தனை நாள் என் வாயில் வராத பெயர்
முந்நூற்று அறுபது தடவை
கரகரவென்று வந்து விழுந்துகொண்டிருந்தது.

பிறகுதான் கவனித்தேன்.
என்ன செய்தாலும் இந்த மெஷின்
ஓரம் வரைக்கும் அச்சடிப்பதில்லை.
நாலு பக்கமும் கால் அங்குலம்
யாருக்கும் இல்லாமல் விட்டுவிடுகிறது.
‘மாத்த முடியாதும்மா, அதுக்க குணம் அப்படித்தான்.’

இரண்டடி நடைபாதைக்காக
இரணியல் கோர்ட் படி ஏறினவள் நான்.
கத்தரியை எடுத்து உட்கார்ந்தேன்.
வெட்டியது மட்டும் போதவில்லை.
ஒரு தாள் அடுத்த தாளின்மேல்
கொஞ்சம் ஏறித்தான் ஒட்ட வேண்டியிருக்கிறது,
இல்லையென்றால் இடுக்கு தெரிகிறது.
பசை உலர ஃபேனைப் போட்டபோது மணி ஒன்று.

காலையில் போதகர் ஜெபித்துவிட்டுப் போனபின்
புது அடுக்களையில் பெண்கள் கூட்டம்.
நான் நீட்டினேன், அக்கா வாங்கினாள்.
‘வா’ என்று சொல்லவில்லை.
‘ஏன் வந்தாய்’ என்றும் இல்லை.
ஒட்டிய டேப்பை நகத்தால் கிளப்பினாள், கிழியாமல்.
பாதியில் கை நின்றது.
தாளைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

‘எட்டீ, இது எங்க உள்ள கையெழுத்து?’

‘எதிர்மனு. மூணாம் பக்கம்.’

பின்னாலிருந்து யாரோ தட்டு கேட்டார்கள்.
புட்டுக்குடத்தை மேடையில் வைத்தாள்.
தாளை நாலாய் மடித்து
அரிசி டின்னுக்கு அடியில் செருகிவிட்டுப் போனாள்.

பத்தொன்பதாம் தேதி வாய்தா.
வக்கீலிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.