பத்துச் சுற்று

மஞ்சள் விளக்கு எரிகிறது என்று வருவார்.
ஷெட்டுக்குள் நுழையும்போது அணைந்திருக்கும்.
மூன்று முறை இப்படி.
டாக்டர் வாசலில் இருமல் நின்றுபோகிற ஆள் மாதிரி
ஜெசிந்தாவின் வண்டி.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி.
யாரோ எஸ்டேட்காரர் ஓட்டிக் கழித்ததைப்
பழவேற்காட்டு மணலுக்கென்று வாங்கினார்.
விடியலில் நண்டுக் கூடை, ஐஸ் பெட்டி.
முன்னே புதைந்தால் பின்னே உந்தித் தள்ளும்.
இப்போது மீஞ்சூர் தாண்டினால் விளக்கு,
மணலில் இறங்கினால் முன்சக்கரம் மட்டும் தனியே சுற்றித்
தனக்கே குழி பறிக்கிறது.

முதல் முறை உப்பைச் சொன்னேன்.
கொருக்குப்பேட்டையில் எதற்கும் உப்பைச் சொல்லலாம்,
யாரும் மறுக்கமாட்டார்கள்.
ஒயர் முனைகளைச் சுரண்டித் துடைத்தேன்.
இரண்டாம் முறை, பின் கப்ளிங்கில் ஆயில் மாற்றினேன்.
பழைய ஆயில் கருகியிருந்தது,
அந்த நாற்றம் விரலில் இரண்டு நாள் இருந்தது.
ஏன் கருகியது என்று
நான் கேட்கவில்லை.
இரண்டாயிரத்து எண்ணூறு வாங்கினேன்.

மூன்றாம் முறை ஸ்கேனரைச் செருகி
நானே ஓட்டினேன், பக்கத்தில் அவர்.
வளைவு இல்லை, மணல் இல்லை, சறுக்கல் இல்லை.
எண்ணூர் சாலையின் நேர்க்கோட்டில்
கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே
கப்ளிங்கின் சூடு மட்டும் ஏறிக்கொண்டே போனது.
எழுபது. எண்பத்தைந்து. நூறு.
சும்மா போகிற ரோட்டில்
யாரோடு மல்லுக்கட்டுகிறது இது?
திரையைத் தள்ளினேன், சக்கர வேகம் வந்தது.
முன்னால் அறுபது புள்ளி ஒன்பது.
பின்னால் அறுபது.
ஒரே வண்டி.

"பின் டயரு எப்போ மாத்துன?"
"கிறிஸ்மசுக்கு முன்ன. ரெண்டுக்குத்தான் துட்டு இருந்துது.
புதுசு போட்டது தப்பா இன்னா?"

திரை எனக்குப் போதும். அவருக்குப் போதாது.
ரயில்வே கேட் அடைத்த நேரம், எதிர்ச்சாரி காலி.
முன் டயரிலும் பின் டயரிலும்
தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸ் கோடு.
யாசர் ஸ்டீயரிங்கில், நாங்கள் இருவரும் தள்ள,
கேட்டில் நின்ற பைக்காரர்கள்
கேட்காமலேயே சத்தமாக எண்ணினார்கள்.
பத்து.
முன்சக்கரம் தன் கோட்டைத் தரையில் வைத்தது.
பின்சக்கரத்தின் கோடு இன்னும் இறங்கவில்லை.
இன்னும் தள்ளு. இன்னும். நிறுத்து.
ஜெசிந்தா குனிந்து
கூடுதலாக நகர்ந்ததைக் கையால் அளந்தார்.
ஒரு சாண், நாலு விரல்.

பழவேற்காடு போய்வர எத்தனை பத்து என்று
முணுமுணுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துப்
பாதியில் விட்டுவிட்டார்.
"அவ்ளோ சாணும் எங்கப்பா போவுது?"
"கப்ளிங்குக்குள்ள."
கேட் திறந்தது. எல்லா ஹாரனும் எங்களுக்குத்தான்.

மூலக்கடையில் பழைய டயர்க் கடை.
"ஷோக்கான பீசு இருக்குது, எழுபது பர்சன்ட்" என்றார் கடைக்காரர்.
நல்லது வேண்டாம் என்றேன்.
மூன்று மில்லி மிச்சமிருக்கிற ரெண்டு,
இதே கம்பெனி, இதே அளவு.
என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
மத்தியானம் முழுக்க அடுக்கடுக்காய்ச் சரித்து,
உள்ளே தேங்கிய மழைத்தண்ணீரைக் கவிழ்த்து,
கொசு மொய்க்க,
ஒவ்வொரு பள்ளத்திலும் அளவுகோலை விட்டு
அதே அளவு தேய்ந்த ஒன்றைத் தேடினேன்.
ஒன்று சீக்கிரம் கிடைத்தது.
அதன் ஜோடி கிடைக்க விளக்குப் போடும் நேரமாகிவிட்டது.

புதுசைக் கழற்றிக்கொண்டு
கடைக்காரர் மேலே நாலாயிரம் தந்தார்.
ஜெசிந்தா எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டு
என் பக்கம் கையை நீட்டினார்.
"ஆயிலு துட்டு."
பாக்கெட்டில் இரண்டாயிரம்தான் இருந்தது.

சனிக்கிழமை விடியலில் போன்.
பின்னால் அலைச்சத்தம், யாரோ கூடையை இழுக்கிற சத்தம்.
ஸ்கேனரை அவரிடமே விட்டிருந்தேன்.
"மணல்ல கீறேன். நாப்பத்தெட்டுல நிக்குது" என்றார்.
கொஞ்சம் இடைவெளி விட்டு,
"மீதி எண்ணூறு?"