இடது முழங்கால்

க்ரான்ஸ்கா கோராவில் ஞாயிறு காலை ஏழு மணி.
காபிக்கடையில் நாற்காலிகள் இன்னும் கவிழ்ந்தே இருக்கின்றன.
நாங்கள் நால்வர். வண்டிகளும் நான்கு வேண்டும்.
மூன்றுதான் கண்ணில் படுகின்றன.

மிலோய்காவின் ரெனோ அவளைவிட இரண்டு வயது மூத்தது.
கியர்க்கம்பி டாஷ்போர்டிலிருந்து
குடைக் கைப்பிடிபோல நீட்டிக்கொண்டிருக்கும்.
இழு, திருப்பு, தள்ளு.
"இது காரில்லை, அடிபம்பு" என்பான் யெர்னெய்.
அவனுடையது மின்சாரக் கார், கியரே கிடையாது.
"உன்னுடையது மிக்ஸி" என்பாள் அவள்.
மூன்று வருடமாக இதே சண்டை, இதே ருசி.

நான் வாரத்தில் ஐந்து நாள் பேருந்து ஓட்டுகிறேன்.
ஆட்டோமேட்டிக்.
என் இடது கால் சும்மா கிடந்தே சம்பளம் வாங்குகிறது.
அதற்கு வேலை கொடுக்கத்தான்
இந்தச் சிவப்பு மாஸ்டா:
இரண்டு இருக்கை, ஐந்து கியர்,
மழையென்றால் என் தோளில் மட்டும் ஒழுகும் துணிக்கூரை.

கொராஸ்ட் நடந்து வந்தான்.
"வண்டி எங்கே?"
"பேக்கரிக்குப் பின்னால்."
முழங்காலில் மூன்று திருகாணி.
மாடி ஏறலாமாம், மீன் பிடிக்கப் போகலாமாம்,
கிளட்ச் மட்டும் கூடாதாம்.

ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவன்
லிஃப்டில் போய்விட்டு மலையேறினேன் என்பவன்:
இதைச் சொன்னது அவன்தான், போன செப்டம்பரில்,
இதே மேசையில், என்னைப் பார்த்து.
எல்லோருக்கும் நினைவிருந்தது.
ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு வலித்திருக்கும்.

பேக்கரிக்குப் பின்னால் போனோம்.
சாம்பல் நிறம், சுத்தமான கண்ணாடிகள்,
கடன் கேட்க வந்தவன்போல ஓரமாக நின்றது.
மிலோய்கா கதவைத் திறந்து குனிந்தாள்,
கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தைக் கையால் தடவினாள்.
"நிறைய இடம். பூசணிக்காய் வைக்கலாம்."
முதலில் சிரித்தது அவன்தான்.

"ஏறு" என்றேன், என் வண்டியைக் காட்டி.
"கிளட்ச் என்னுடையது. கியர் உன்னுடையது."

நாற்பது வருடம் வலக்கையால் மாற்றியவன்.
பக்கத்து இருக்கைக்கு வந்ததும்
எல்லாம் இடக்கைக்கு வந்துவிட்டது.
முதல் கியர் விழுந்தது.
இரண்டாவது, பல்லை நறநறவென்று கடித்தது.
"இப்போ."
"இரு."
"இப்போ என்றால் இப்போ, இர்மா!"
பின்னால் யெர்னெய் சத்தமில்லாமல் ஊர்ந்து வந்து
ஜன்னலிறக்கிக் கைதட்டினான்.

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
எண்ணும் உயரமும் எழுதிய பலகை, அடியில் கருங்கல் பாவிய தரை.
கல்லில் ஏறும்போது ஸ்டீயரிங் நடுங்கும்,
நடுக்கம் மணிக்கட்டைத் தாண்டிப் பற்கள்வரை வரும்.
மூன்றாம் வளைவில் வண்டி அணைந்துபோனது.
ஐந்தாம் வளைவில் மறுபடியும், இம்முறை என் தப்பு.
மரத் தேவாலயம் கடந்தபின்
பேச்சு நின்றது.
எஞ்சின் மூச்சுவாங்குவதை அவன் கேட்டான்,
அவன் கேட்பதை நான் கேட்டேன்.

பதினான்காம் வளைவு.
மூன்றிலிருந்து இரண்டு.
என் வலது கால் ஒரு தட்டு, இடது கால் ஓர் அழுத்து,
வாழைப்பழத்தில் ஊசிபோல இறங்கியது கியர்.
யார் மாற்றியது என்று கேட்டால்
எனக்குத் தெரியாது.

கணவாய் உச்சியில்
சாலை முழுக்க ஆடுகள்.
யெர்னெய் எப்போதோ வந்து
ரொட்டியில் பாதியை முடித்திருந்தான்.
மிலோய்கா இன்னும் பத்தாம் வளைவில் பம்பு அடித்துக்கொண்டிருப்பாள்.

"என் வண்டியில் வந்திருந்தால்
நாலு நிமிஷம் முன்னாடியே வந்திருப்போம்" என்றான் கொராஸ்ட்.
"வந்திருப்போம்" என்றேன்.
அவன் இடது காலடியில் மிதியடி
கசங்கிச் சுருண்டு கிடந்தது.
வழியெல்லாம் இல்லாத ஒன்றை மிதித்திருக்கிறான்.
"டாக்டரிடம் சொல்லாதே."

ஆடுகளுக்கு அவசரமில்லை.
வண்டி நியூட்ரலில் நின்றது.
அவன் கையை எடுக்கவில்லை.