ஏழு முதல் ஒன்பது வரை

நகராட்சி எனக்குத் தந்தவை:
ஒரு மடக்கு நாற்காலி, கட்டைவிரலுக்கு ஒரு எண்ணுங்கருவி,
ஆண் பெண் சிறார் என
மூன்று கட்டம் போட்ட தாள்.
செவிய்யாவின் ஆற்றுப் பாலத்தில்
பிப்ரவரிக் குளிர் முழங்காலைக் கடிக்கிறது.
டிக்.

போன வருஷம் இங்கே நாற்பது கார்கள்
காசு கொடுக்காமல் தூங்கிக்கொண்டிருந்தன.
அவற்றை எழுப்பி அனுப்பிவிட்டுத்தான்
இந்தப் பச்சைத் தடம்.
மருந்துக்கடை எவுலோகியோவின் கதவில்
இன்னும் அந்தக் காகிதம்:
"வண்டி நிறுத்த இடமில்லை. இனி எங்களுக்கும் இல்லை."
மழையில் 'இனி' மட்டும் கரைந்துவிட்டது.
டிக். டிக்.

கசில்தா வீடு திரும்புகிறாள்,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் சோப்பு வாசனையோடு.
ராத்திரி டாக்சிக்குப் போன காசு
இப்போது மகளின் பல்லுக்குக் கம்பியாகிறதாம்.
நான் கேட்கவில்லை;
சிவப்பு விளக்கில் நின்றபோது அவளே சொன்னாள்.
தாளில் அதற்குக் கட்டமில்லை.

பின்னிருக்கையில் தூங்கும் குழந்தை
ஒன்றா, அரையா?
பஞ்சரான சக்கரத்தை உருட்டிக்கொண்டு
நடந்து வருகிறவர்?
மேற்பார்வையாளரைக் கேட்டேன்.
"மனசாட்சிப்படி" என்றார்.

எட்டேகாலுக்குப் பக்கத்துச் சாலை உறைந்தது.
கார்கள் ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்தபடி நிற்க,
எங்கோ பின்னாலிருந்து சைரன்.
ஆம்புலன்ஸ் தயங்கி, கல்விளிம்பில் ஏறி,
பச்சைத் தடத்துக்குள் இறங்கியது.
யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.
முப்பது பேர் இருக்கும்,
சைக்கிளைத் தூக்கிக்கொண்டு
கைப்பிடிச் சுவரோடு ஒட்டினார்கள்.
ஏணி கட்டிவந்த குழாய்க்காரர்
ஏணியைத் தண்ணீருக்கு மேலே நீட்டிப் பிடித்தார்.
வகிடெடுத்தது போல் வழி.
ஒன்று, இரண்டு, மூன்று...
எண்ணிப் பழகிய வாய்
பதினொன்றில் நின்றபோது
வண்டி அக்கரையில் இருந்தது.

உள்ளே யாரோ.
இந்தத் தடத்தைத் திட்டியவராகவும் இருக்கலாம்.
கட்டைவிரல் தானாக அழுத்திவிட்டது.

ஒன்பது மணிக்கு ஆயிரத்து இருநூற்று ஆறு.
அதில் ஒன்று சைக்கிள் இல்லை.
அடிக்காமல், திருத்தாமல்
கீழே கையெழுத்துப் போட்டேன்.

நாற்காலியை மடக்கும்போது பார்த்தேன்:
எவுலோகியோ இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு
அந்தக் காகிதத்துக்கு அடியில்
ஒரு பழைய சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார்.
மணி ஒன்பது ஐந்து.
விதிப்படி, அவர் கணக்கில் வரமாட்டார்.