செவ்வாய், இரண்டரை மணி

மண்ணியல், மூன்றாமாண்டு.
பட்டத்துக்கு இன்னும் மூன்று கிரெடிட்
இலக்கியம் பாக்கி என்றது கணினி.
செவ்வாய் மதியம் இரண்டரைக்கு
என் அட்டவணையில் ஓர் ஓட்டை.
அந்த ஓட்டைக்குள் அளவெடுத்தாற்போல் பொருந்தியது
ஆயிரம் வருடத்துக்கு முந்தைய
ஜப்பானிய அரண்மனைப் பெண்களின் நாட்குறிப்புகள்.
அவ்வளவுதான். வேட்கை கீட்கை எதுவுமில்லை.

"நாடோடிக் கதை எடேன், சுலபம்" என்றான் கோடி பியர்டி,
ஆய்வகத்தில் சல்லடையைக் குலுக்கிக்கொண்டே.
அது வெள்ளிக்கிழமை.
வெள்ளிக்கிழமைகளில் நான்
அப்பாவின் கனோலாக் கிடங்குகளில்
ஈரப்பதம் அளக்கப் போயாக வேண்டும்.

முதல் வகுப்பு. சாஸ்கட்டூன், மைனஸ் முப்பத்தொன்று.
பூட்ஸிலிருந்து பனி உருகிச் சொட்ட
கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன்.
முன்வரிசை முழுக்க இலக்கியக்காரர்கள்.
"மௌனம்" என்றாள் ஒருத்தி.
"இல்லை, இடைவெளி" என்றான் ஒருவன்,
சொல்லும்போதே காற்றைக் கிள்ளினான்.
எனக்கு இடைவெளி என்றால்
துகளுக்கும் துகளுக்கும் நடுவே
தண்ணீர் நிற்கிற இடம்.
நூற்றுக்கு நாற்பத்தைந்து. நல்ல மண்ணில் ஐம்பது.
வாய் திறக்கவில்லை.
நோட்டு ஓரத்தில் எழுதிவைத்தேன்: 50?

இரண்டாம் வாரம் அறுபது பக்கம்.
ஒரு பெண் கடிதத்துக்குக் காத்திருக்கிறாள்.
மழை பெய்கிறது.
கடிதம் வருகிறது. தாளின் நிறம் பருவத்துக்கு ஒட்டவில்லை.
அழுகிறாள்.
தாளுக்கா அழுவார்கள் என்று மூடிவைத்துவிட்டு
நைட்ரஜன் கணக்குப் போட்டேன்.
அப்பாடா என்றிருந்தது.

விலகக் கடைசி நாள் பிப்ரவரி பதினைந்து.
கட்டிய பணத்தில் பாதி திரும்பும்.
படிவத்தில் பெயர் நிரப்பினேன்: லெஸ்யா வொரோபெட்ஸ்.
'காரணம்' என்ற பெட்டிக்குள்
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.
நல்ல காரணமாய் ஒன்று அகப்படுமென்று
புத்தகத்தைப் புரட்டினேன்.

வேறொருத்தி. திரைக்கு அடியில் தெரிகிற
ஓர் உடையின் விளிம்பை எண்ணுகிறாள்.
மேலே வெளிர் ஊதா, அதன் கீழ் இன்னும் வெளிறியது,
அப்புறம் வெள்ளை, அப்புறம் பச்சை.
கடைசி அடுக்கில் சேறு.
'வண்டியில் வரவில்லை. நடந்துதான் வந்திருக்கிறாள்.'

எழுந்து உட்கார்ந்தேன்.
குழிக்குள் இறங்கி, மண்சுவரின் அடுக்குகளை
மேலிருந்து கீழே எண்ணுகிற கண்
இது.
எந்த வருடம் வெள்ளம், எது எரிந்தது,
எவர் இந்த வழியே நடந்தார் என்று
நாங்களும் இப்படித்தான் சொல்லுவோம்.

செவ்வாய். கை தூக்கினேன், அந்தக் குளிர்காலத்தில் முதல் தடவை.
"அந்தச் சேறு என்ன நிறம்?"
யாரோ சிரித்தார்கள்.
மரீ-ஓடில், ஒப்பந்த விரிவுரையாளர்,
மே மாதத்துக்குப் பிறகு வேலை நிச்சயமில்லாதவர்,
சிரிக்கவில்லை. மூலத்தைத் திறந்தார்.
விரலை வைத்து, வாய்க்குள் முணுமுணுத்து,
ரேடியேட்டர் டொக் டொக் என்று தட்ட, வெகுநேரம்.

"சேறே இல்லை" என்றார்.
"'நனைந்திருந்தது' என்று மட்டும்தான்.
சேறு மொழிபெயர்த்தவர் போட்டது."

அந்த அறுநூறு பக்கத்தில்
எனக்குத் தெரிந்த ஒரே பொருள்!
அதையும் யாரோ இடையில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்.
வெட்கமா, கோபமா, பிடிபடவில்லை.
அறைக்குப் போய்ப் பார்த்தால்
படிவம் திறந்தபடியே கிடந்தது,
மணி பன்னிரண்டு பத்து. பதினாறாம் தேதி.

மதிப்பெண் சி பிளஸ்.
கட்டுரையில் 'ஆகையால்' அதிகமாம்.

மே மாதம், ஹம்போல்ட் பக்கம், வயல் நடுவே குழி.
நான் உள்ளே, கோடி மேலே எழுதப் பலகையோடு.
"முதல் அடுக்கு, நிறம்?"
ஒரு கட்டியை உடைத்தேன். தண்ணீர் தெளித்தேன்.
வண்ண அட்டையில் ஓட்டைக்குப் பின்னால் பிடித்தேன்.
"வராத கடிதத்தின் மறுநாள் காலை" என்றேன்.
"நம்பர் சொல்லு, லெஸ்யா."
"பத்து ஒய்-ஆர். மூன்றுக்கு இரண்டு."
எழுதிக்கொண்டான்.
கொஞ்சம் கழித்துக் குனிந்து,
"ஈரத்திலா, காய்ந்தா?" என்று கேட்டான்.